நீந்தத் தெரியாத நீர்நாய்

தை மாதம் கழிந்துவிட்டால் எங்கள் பக்கம் கொள்ளிடம் ஓடாது, நடக்கும். மேட்டூரில் அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பத்துப் பதினைந்து நாளில் ஆறு மெலிந்துபோய், மணலுக்கு நடுவே நாலு வேட்டி அகலத்துக்கு நெளிந்துகொண்டிருக்கும். மிச்சத் தண்ணீர் அங்கங்கே மடுவாக நின்றுவிடும். அப்படி ஒரு மடு எங்கள் படுகைக்கு நேர் கீழே இருந்தது. படுகை என்றால் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் வண்டல் நிலம். வெள்ளம் வந்தால் அது ஆற்றுக்குச் சொந்தம், வடிந்தால் எங்களுக்கு. அப்பா அதில் கத்தரியும் வாழையும் போட்டிருந்தார். ஆடு மாடு வந்து மேயாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சேர்த்தது மட்டும்தான் நடந்தது.

மடு ஊருக்குப் பொது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் குறித்துத் தமுக்கடிப்பார்கள். அன்றைக்குத்தான் ஊரே அடியில்லாத கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கவிழ்த்து அமுக்கி மீன் பிடிக்கும். அதுவரைக்கும் ஒருவர் ஒரு தூண்டில் போடக்கூடாது. என் பெரியப்பாவே ஒருமுறை ரகசியமாக ஒரு விரால் பிடித்து மாட்டிக்கொண்டு, அபராதமாக மாரியம்மன் கோயிலில் நூறு தேங்காய் உடைத்தார். அந்த விரால் ஒரு முழம்கூட இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அடங்காதவை நீர்நாய்கள்தான். அவை ஏழெட்டு இருந்தன. விடியற்காலையில் வரிசையாக வந்து மடுவில் இறங்கும். தலை மட்டும் தெரியும், முக்குளிக்கும், வேறோர் இடத்தில் தலை வரும், வாயில் மீனோடு. முன்னங்கால் இரண்டிலும் மீனைப் பிடித்துக்கொண்டு, நாம் முறுக்குத் தின்பதைப்போல் தலைப்பக்கமிருந்து கடித்துத் தின்னும். தின்று முடித்ததும் மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும். ஒன்றையொன்று கூப்பிடும்போது விசில் சத்தம் வரும். கத்தரிச் செடிக்குள் உட்கார்ந்து நான் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பேன். அதற்குள் ஆடு புகுந்து நாலு செடியை மேய்ந்திருக்கும். அதற்கு அடி வாங்குவேன். மறுநாளும் பார்ப்பேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் டவாலியாக இருந்தார். அதிகாரி காரைவிட்டு இறங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும், மணியடித்தால் உள்ளே போக வேண்டும், அதுதான் உத்தியோகம். தோளில் குறுக்கே சிவப்புப் பட்டையும் அதன் நடுவில் பித்தளை வில்லையும் உண்டு. அந்தப் பட்டையை ஊருக்குக் கொண்டுவரக் கூடாதென்பது விதி. மாமா கொண்டுவருவார். டெரிலின் சட்டைக்குமேல் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்வந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

அந்த வருடம் மாசி மகத்துக்கு ஐந்து நாள் லீவில் வந்தவர், கையில் சாமான் எதுவும் இல்லாமல், தலையில் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். அவருடைய அதிகாரி முன்பு கல்கத்தாப் பக்கம் வேலை பார்த்தவராம். அவர் சொன்னாராம்.

"வங்காளத்துல நீர்நாயக் கயித்துல கட்டி ஆத்துல உடுறானாம் மாமா. அது மீன மொத்தமாத் தொரத்தியாந்து வலைக்குள்ள தள்ளுதாம். நாம கரையில குந்திக்கினு இழுத்தாப் போதும்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். 

அப்பா கத்தரிக்காயைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, "நம்ம ஊட்டு நாயே நாம கூப்ட்டா வர மாட்டுது மச்சான்" என்றார்.

"அது தெரு நாயி. இதுக்கு ட்ரெயினிங் குடுக்கணும். குட்டியிலேயே புடிச்சாந்துட்டா பங்குனி மீன்பிடிக்குள்ள ரெடி பண்ணிடலாம். ஊரே மூக்கு மேல வெரல வைக்கப் போவுது, பாருங்க."

"ஊரு வைக்கிறது இருக்கட்டும். ஒன் வெரலு பத்திரம்" என்றார் அப்பா.

நீர்நாய் வளை எங்கே இருக்கிறதென்று ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மடுவின் தலைமாட்டில் ஒரு நீர்மருது மரம் கரை அரித்துப்போய் வேரெல்லாம் வெளியே தெரிய நின்றது. அந்த வேருக்குள்தான் வளை. மாமா பித்தளை வில்லையை என் சட்டையில் ஒரு சாயங்காலம் பூராவும் குத்தி வைத்திருக்கலாம் என்றார். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

பெரியவையெல்லாம் மடுவில் மேய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து மாமா வேருக்குள் தோள்வரை கையை விட்டார். "ஐயோ" என்றார். கையை வெளியே இழுத்தபோது சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டி கூடவே வந்தது. துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தோம். பின்னால் மடுவில் விசில் சத்தம் எழுந்தது. ஒன்று, அப்புறம் எல்லாம் சேர்ந்து.

வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தோம். பூனைக்குட்டி அளவு இருந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். தட்டையான தலை, சுண்டைக்காய் மாதிரி கண், கிழவனைப்போல் மீசை. விரல்களுக்கு நடுவே வாத்துக்கால்போலத் தோல். அந்தத் தோலை நான் விரித்து விரித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் அதற்குள் ஓடும் மெல்லிய ரத்த நரம்புகூடத் தெரிந்தது. சாமி இவ்வளவு சின்ன வேலையெல்லாம் எப்போது உட்கார்ந்து செய்கிறது என்று எனக்குத் தோன்றியது.

என் தங்கை அப்போது கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டு அம்மா திட்டினாள். "பால்குடி மறக்காததத் தூக்கியாந்திருக்கியே, நீயெல்லாம் கெவுருமெண்டு சம்பளம் வாங்குறியாடா?" என்றாள். திட்டிக்கொண்டே ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, தங்கைக்கு மருந்து புகட்டும் சங்கை எடுத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். பாதி குடித்தது, பாதியைத் தும்மியது. குடித்து முடித்ததும் விசிலடிக்க ஆரம்பித்தது. மடுப் பக்கமிருந்து பதில் வந்தது. அன்று பூராவும் அப்படியே. அம்மா இரண்டு முறை எழுந்து வாசலுக்குப் போய் ஆற்றுப் பக்கம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் ட்ரெயினிங் ஆரம்பமானது. ஊரில் வேலையில்லாத அத்தனை பேரும், வேலையிருந்த பாதிப் பேரும் மடுக்கரைக்கு வந்துவிட்டார்கள். மாமா சிவப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டியின் மார்பைச் சுற்றித் துணிக்கயிறு கட்டியிருந்தது. மாமா அதைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கினார்.

குட்டியின் கால் தண்ணீரில் பட்டது. அவ்வளவுதான். ஒரு கத்துக் கத்தி, மாமாவின் காலில் ஏறி, வேட்டியில் ஏறி, சட்டையில் ஏறி, தலைக்குமேல் போய் முடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து மாமாவின் நெற்றியில் மூத்திரமும் பெய்தது.

கரையே உருண்டு சிரித்தது. "டவாலி, இது நீர்நாயி இல்ல, மரநாயி!" என்று ஒருவர் கத்தினார். "ஆபீசருக்கு முன்னால நிக்கிற மாதிரியே நடுங்குதே, நல்ல ட்ரெயினிங்தான்" என்றார் இன்னொருவர். 

மாமா அவமானத்தோடு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தார். அவர் யோசித்ததில் தப்புக் கிடையாது என்றுதான் எனக்கும் அப்போது பட்டது. எங்கள் வீட்டில் வாத்து முட்டையைக் கோழிக்குத்தான் அடைவைப்போம். வாத்துக்கு உட்கார்ந்து அடைகாக்கப் பொறுமை கிடையாது. குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் கோழி அவற்றைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போகும். வழியில் ஒரு குட்டை வந்தால் போதும், குஞ்சுகள் சொல்லாமல் கொள்ளாமல் அதில் இறங்கிப் போய்விடும். கோழி கரையில் நின்றுகொண்டு தலைவிரிகோலமாகக் கத்தும். யாரும் அவற்றுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது கிடையாது.

மாமா அதைத்தான் பிடித்துக்கொண்டார். "கோழி பொரிச்ச வாத்தே மூணா நாளு நீஞ்சுது. இது பேரே நீர்நாயி. ஓரத்துல உட்டதாலதான் மேல ஏறிக்கிச்சு. ஆழத்துல போட்டா தானா நீஞ்சும்டா" என்றார். நான் தலையாட்டினேன். வாத்துக்காலை விரித்துப் பார்த்தவன் நானல்லவா.

அன்று மத்தியானம், வேடிக்கை பார்க்க ஆளில்லாத நேரத்தில், நானும் அவரும் மட்டும் போனோம். மாமா கரைமேட்டில் நின்றுகொண்டு, நடு மடுவைப் பார்த்துக் குட்டியை வீசினார்.

குட்டி மூழ்கியது. கல் மூழ்குவதைப்போல் இல்லை. கல்லாவது உடனே போய்விடும். இது ஒருமுறை மேலே வந்தது. நாலு காலாலும் ஆகாயத்தைப் பிறாண்டியது. அதன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு உள்ளே போனது. மாமா கயிற்றை இழுத்தார். கயிறு மட்டும் வந்தது, கட்டியிருந்த வளையம் அப்படியே காலியாக.

"மாமா!" என்று கத்தினேன். அவருக்கு நீச்சல் தெரியாது. டெரிலின் சட்டையோடு மேட்டில் நின்றுகொண்டு, "வரும்டா, வரும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குதித்துவிட்டேன். மடுவின் அடியில் சேறு. கண்ணைத் திறந்தால் பச்சையாக ஒரு புகைதான் தெரிந்தது. மூன்றாவது முக்குளிப்பில் கையில் மெத்தென்று ஒன்று பட்டது.

வெளியே கொண்டுவந்தபோது அது பிழிந்த துணிமாதிரி தொங்கியது. வீட்டுக்கு ஓடினேன். அம்மா தங்கையைத் தரையில் கிடத்திவிட்டு, ஒரு சட்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் குட்டியை வயிறு படியப் போட்டு முன்னும் பின்னும் உருட்டினாள். தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் பெரிய பானையைக் கவிழ்த்துச் செய்கிற வைத்தியம்தான் அது. குட்டியின் மூக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. அம்மா உருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு தும்மல்.

அம்மா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். "கொண்டுபோய் உட்ருடா" என்றாள். 

"இனிமே எங்கக்கா உடுறது? மனுச வாட பட்டுடுச்சு. தாயி சேக்காது. கடிச்சுக் கொன்னுடும்" என்றார் மாமா. சாயங்கால ரயிலுக்கே, லீவு இரண்டு நாள் பாக்கியிருக்க, சிதம்பரத்துக்கு நடந்துபோய்விட்டார். பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போய்விட்டார். அவர் சொல்லிவிட்டுப் போனது என்னை விடவில்லை. தாய் சேர்க்காது. வீட்டில் வைத்திருந்தால் செத்துவிடும். இரண்டு நாளாகச் சங்குப்பாலைத் தும்மிக்கொண்டுதான் இருந்தது. ஆற்றில் விட்டால் மூழ்கிவிடும். தாயிடம் விட்டால் கடித்துவிடும். இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தது வளையைக் காட்டிக்கொடுத்த என் விரல்.

விடியற்காலையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு மருதமரத்துக்குப் போனேன். வளை காலியாகக் கிடந்தது. பெரியவை மிச்சக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரை நாணலுக்குக் குடிமாறிவிட்டிருந்தன. ஆனால் அவை தினமும் வந்து புரளும் மணல்திட்டு எனக்குத் தெரியும். அங்கே ஓர் இடத்தில்தான் எல்லாம் வெளிக்கிருக்கும். மீன் செதிளும் நண்டு ஓடுமாக அது பளபளவென்று கிடக்கும். நாற்றம் கும்பகோணம்வரை போகும். வாடை போக அதைவிட நல்ல மருந்து எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் குட்டியின் உடம்பு பூராவும் பூசினேன். அது தும்மியது. எனக்கும் பூசிக்கொண்டேன். பிறகு அதை மணலில் விட்டுவிட்டு நாணலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

குட்டி விசிலடித்தது. எதிர்க்கரையில் நாணல் அசைந்தது. ஒரு பெரிய நீர்நாய் தண்ணீரில் இறங்கி, அம்புமாதிரி நேர்கோட்டில் வந்தது. கரையேறிக் குட்டியை மூக்கிலிருந்து வால்வரை முகர்ந்து பார்த்தது. மறுபடி முகர்ந்தது. சட்டென்று வாயைத் திறந்து குட்டியின் பிடரியைக் கவ்வியது. கவ்விக்கொண்டு மடுவில் இறங்கியது. குட்டி தொண்டை கிழியக் கத்தியது. பெரியது எதிர்க்கரைக்கு நீந்தாமல், அப்படியே தலையைத் தாழ்த்தி, குட்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

மாமா சொன்னது சரியாகிவிட்டது. கொல்கிறது. நான் எழுந்து ஓடினேன். மண்கட்டியை எடுத்து எறிந்தேன். "உட்ரு! உட்ரு அத!" என்று கத்தினேன். இரண்டும் மேலே வந்தன. குட்டி கத்தியது. மறுபடி உள்ளே. இன்னொரு கட்டியை ஓங்கினேன். ஓங்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் அம்மா. இடுப்பில் தங்கை, இன்னொரு கையில் என் மணிக்கட்டு.

"கீழ போடு" என்றாள். 

"கொல்லுதும்மா!"

"வாய மூடிக்கிட்டு பாருடா."

பார்த்தேன். பெரியது குட்டியின் பிடரியை விட்டது. குட்டி அலறியடித்துக்கொண்டு அதன் முதுகில் ஏறியது. ஏறி உட்கார்ந்ததும் பெரியது மெல்ல அடியில் நழுவிக்கொண்டது. தண்ணீரில் தனியாக விடப்பட்ட குட்டி நாலு காலையும் அடித்தது. மூழ்கப் போகிறது என்று நான் பல்லைக் கடித்த நேரத்தில், கீழேயிருந்து அந்த முதுகு எழுந்துவந்து அதைத் தாங்கியது. மூச்சு வாங்க விட்டது. மறுபடி நழுவியது. மறுபடி எழுந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது, எனக்கு எண்ணத் தெரிந்ததைவிட அதிகம். எதிர்க்கரையில் மற்ற நீர்நாய்களெல்லாம் பின்னங்காலில் எழுந்து நின்று, கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிறவர்களைப்போல் பார்த்துக்கொண்டிருந்தன. 

ஒருமுறை அந்த முதுகு எழவேயில்லை. குட்டி காலை அடித்தது, அடித்தது, பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு, சும்மா மிதந்தது. தான் மிதப்பது அதற்கே புரியவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது. பிறகு மூக்கைத் தண்ணீருக்குள் நுழைத்து எடுத்தது. மறுபடி நுழைத்தது. மூன்றாவது முறை தலை போயிற்று, முதுகு போயிற்று, வால் போயிற்று. தண்ணீர் மூடிக்கொண்டது. அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. பத்துமுழம் தள்ளித் தலை வந்தது. வாயில் ஒரு அழுகின மட்டை.

தங்கை சிரித்தாள். அம்மா என் கையை விட்டுவிட்டு, "போய்க் குளி. நாத்தம் தாங்கல" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கத்தரியை ஆடுதான் காவல் காத்தது. குட்டி தினமும் ஒரு இடம் கண்டுபிடித்தது. முதலில் நாணல் ஓரம் மட்டும். பிறகு மருதமரத்து வேர். பிறகு நான் முக்குளித்த நடுமடு. ஆமையின்மேல் ஏறி உட்கார்ந்து, ஆமை நகர்ந்ததும் பயந்து ஓடியது. நண்டிடம் மூக்கைக் கொடுத்துவிட்டு அழுதது. அடியில் கிடக்கும் மட்டிச் சிப்பியைத் தூக்கிவந்து, கல்லாக இருக்கிறதே என்று உருட்டிப் பார்த்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் மடுதான். அது பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அதற்குள் இத்தனை இருக்கிறதென்று எனக்குத் தெரிந்தது. பங்குனியில் தமுக்கடித்து ஊர் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு நீர்நாய்களெல்லாம் மணலில் வரிசையாக நடந்து, ஓடுகிற தண்ணீருக்குப் போய்விட்டன. யார் தகவல் சொன்னார்களோ.

அந்த வருடம் மேட்டூர் ஆடியிலேயே நிரம்பியது. கீழணையில் கதவெல்லாம் தூக்கிவிட்டார்கள் என்று சொன்ன மறுநாள் கொள்ளிடம் வந்தது. படுகை போயிற்று, மருதமரம் போயிற்று. எதிர்க்கரை தெரியவில்லை. செங்காவி நிறத்தில் ஒரு நாடே நகர்ந்து போவதுபோல் இருந்தது. முழு மரங்கள் வேரோடு உருண்டு போயின. அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு வந்திருந்த மாமாவும் அப்பாவும் அம்மாவும் நானும் கரைமேல் நின்றோம். பெண்கள் காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டார்கள். விட்ட கையை எடுப்பதற்குள் காணாமல் போனது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். நிற்கிற மடுத்தண்ணீரிலேயே ஒருநாள் மூழ்கியது குட்டி. இதில் எங்கே பிழைத்திருக்கும்?

அப்போது ஒரு பெரிய மரம் மிதந்து வந்தது. அதன்மேல் நீர்நாய்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். மரத்திலிருந்து வெள்ளத்தில் குதித்தன, சுழலுக்குள் போயின, சுழலுக்கு அந்தப் பக்கம் எழுந்தன, மறுபடி மரத்தில் ஏறின. ஒன்றையொன்று தள்ளிவிட்டன. அவ்வளவு பெரிய ஆறு அவற்றுக்கு ஒரு விளையாட்டுச் சாமான்.

"அதோ, அந்த மூணாவது! அதான்டா நம்புளுது!" என்று மாமா காதருகில் கத்தினார். மூன்றாவது குதித்துவிட்டது. "இல்ல இல்ல, வாலாட்டுது பாரு, அது!" அதுவும் குதித்துவிட்டது. "நாம குடுத்த ட்ரெயினிங்டா!"

"ஆமா மச்சான், நெத்தியில ஊத்துச்சே, அந்த ட்ரெயினிங்தான்" என்றார் அப்பா.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நாள் என் மடியில் கிடந்தது. அதன் மீசைகூட எனக்குத் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பாய்ச்சல். எதுவும் மற்றதைவிட ஒரு மயிரிழை பிந்தவில்லை, எதுவும் பயப்படவில்லை. மரம் வளைவைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டது.

அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதேன். "எதுன்னே தெரியலம்மா" என்றேன். அம்மா சிரித்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.